மாதா கோயில் கோபுரம் பின்னால் சாய்கிறது: கிட் லென்ஸ் போதுமா, வைடு வாங்கணுமா?

கோச்சடை வாய்க்கால்:

வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், தனியாக வாங்கிய 35 எம்எம் எஃப்1.8. பழைய கட்டடங்களை, அதிலும் மாதா கோயில்களை, நிதானமாக எடுத்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மதுரையிலிருந்து காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிற தூரத்துக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது! கீழவெளி வீதி மரியன்னை பேராலயம், இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம், திண்டுக்கல் வளனார் கோயில், ஊருக்குள்ளேயே நாயக்கர் மகால், கோரிப்பாளையம் பக்கம் அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்கள்.

சிக்கல் இரண்டு. கீழவெளி வீதியில் இரண்டு மணிக்கோபுரமும் முழுசாக வர வேண்டும் என்று எடுத்தால், இரண்டும் பின்னால் மல்லாந்து, உச்சி ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்கின்றன. உள்ளே போனால் ஜன்னல் கண்ணாடிச் சித்திரம் வெளுத்துப் போகிறது. அதைச் சரி செய்தால் கோயில் முழுக்க இருட்டாகிறது.

35-ஐ விற்று, மேலே காசு போட்டு 10-20 வைடு லென்ஸ் வாங்கலாமா? கூட வேலை பார்க்கிறவர்கள் "இப்ப போன்லயே எல்லாம் வருது, எதுக்கு இந்தச் செலவு" என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நத்தம் ரோடு:

தம்பி, வாங்குவதை அப்புறம் பார்ப்போம். கோபுரம் சாய்வது லென்ஸால் இல்லை, கேமராவை அண்ணாந்து பிடிப்பதால். சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதிகிற தகடு) கோபுரமும் இணையாக இருக்கிறவரை செங்குத்துக் கோடு செங்குத்தாகத்தான் விழும். 10 எம்எம் ஆனாலும் அப்படித்தான், 200 எம்எம் ஆனாலும் அப்படித்தான். கேமராவை மேலே தூக்கியதும் கோபுரத்தின் அடியை விட உச்சி சென்சாருக்குத் தூரமாகிவிடுகிறது. தூரமானது சிறுத்துத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, மட்டமாகப் பிடித்தால் உச்சி ஃப்ரேமுக்குள் வர எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கேமராவை நெடுக்காகப் பிடியுங்கள். உங்கள் சென்சாரின் நீளப்பக்கம் 23.5 மில்லிமீட்டர், அதில் பாதி 11.75. அதை 18-ஆல் வகுத்தால் 0.65. அதாவது 10 மீட்டர் தள்ளி நின்றால் கேமரா மட்டத்துக்கு மேலே ஆறரை மீட்டர் படத்தில் வரும். கோபுரம் ஒரு பேச்சுக்கு 40 மீட்டர் என்று வையுங்கள். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் 18-ல் 59 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 10-ல் 33 மீட்டர் போதும்.

ஆக, வைடு லென்ஸ் உங்களுக்குக் கொடுப்பது அந்த 26 மீட்டரைத்தான். நெரிசலான ஊருக்குள் அது பெரிய விஷயம். இடைக்காட்டூர் மாதிரி சுற்றிலும் வெளி இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் நடந்தால் முடிந்தது.

மட்டமாக எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையும் பைக்கும்தான் இருக்கும். யோசிக்காமல் வெட்டுங்கள். உங்கள் 24 மெகாபிக்சலில் பாதி போனாலும் மிச்சம் 12 இருக்கிறது, ஏ3 பிரிண்ட் தாராளமாகப் போடலாம். லைவ் வியூவில் கட்டக்கோடு போட்டுக்கொண்டு, ஓரக் கோட்டோடு கோபுரத்தின் விளிம்பு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.


பழைய நெகட்டிவ்:

நத்தம் ரோடு சொன்ன "மட்டமாக எடுத்துக் கீழே வெட்டு" என்கிற வேலையைத்தான் ஷிஃப்ட் லென்ஸ் காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. லென்ஸ் உள்ளே விழுத்துகிற ஒளிவட்டத்தைச் சென்சாருக்குத் தேவையானதை விடப் பெரிதாக வைத்து, கேமரா மட்டமாக இருக்க லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவது. நிக்கான் 35 எம்எம் பிசி என்ற ஷிஃப்ட் லென்ஸை 1960களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கு கேனானின் 24 எம்எம் டிஎஸ்-ஈ ஷிஃப்ட் லென்ஸ் 12 மில்லிமீட்டர் நகரும். ஃபுல் ஃபிரேமில் (36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார்) நெடுக்காகப் பிடித்தால் அதே 40 மீட்டர் கோபுரத்துக்கு 31 மீட்டர் போதும். வெட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் விலையைக் கேட்டால் பைக்கே வாங்கிவிடலாம். தொழிலுக்குக் கட்டடம் எடுப்பவர் தவிர யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் மூத்தது ஸ்டாண்டு கேமரா. துருத்தி வைத்த மரப்பெட்டி, பின்னால் கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டால் தேய்த்த கண்ணாடியில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். முன்பலகையைத் திருகி மேலே ஏற்ற ஏற்ற, கோபுரத்தின் உச்சி கண்ணாடியின் அடியோரத்திலிருந்து மெல்ல உள்ளே வரும். பெட்டியை ஒரு இம்மி கூடச் சாய்க்க வேண்டியதில்லை. கட்டடம் எடுக்கத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் யாரும் கோபுரத்தைச் சாய்த்துக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் பங்குச்சாமியார் வாங்க மாட்டார்.

மதுரையை முதன்முதலில் முறையாகப் படமெடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் பட்டாளத்தில் கேப்டன், சென்னை மாகாண அரசுக்குப் போட்டோகிராபர். 1858-ல் மீனாட்சி கோயிலையும் மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுத்திருக்கிறார். நெகட்டிவ் மெழுகு ஏற்றிய காகிதம். ஒளி வாங்க நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அந்த மாதிரிப் படங்களில் தெரு ஆளரவமில்லாமல் கிடப்பதற்கு அதுதான் காரணம், நடந்து போனவர்கள் பதியவே இல்லை. அந்தக் காலத்து மருந்து நீல ஒளிக்குத்தான் அதிகம் மசியும் என்பதால் வானம் மேகமில்லாமல் வெளுத்துவிடும். டிரைப் உட்கார்ந்து நெகட்டிவின் மேலேயே கையால் மேகம் வரைந்திருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எடுத்தபோது மகால் பாழடைந்து நின்றது. நேப்பியர் பிரபு கவர்னராக வந்த பிறகு, 1866-க்கு அப்புறம்தான் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. பழுதுபார்ப்பதற்கு முன்னால் அந்தத் தூணும் வளைவும் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டுமானால் அந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் எடுக்கிற மாதா கோயிலும் நாளைக்கு வெள்ளையடிக்கப்படலாம், முன்னால் தகரக் கொட்டகை வரலாம், ஜன்னல் மாறலாம். ஒரு படமாவது நேராக, முழுசாக, மட்டமாக எடுத்து வையுங்கள் தம்பி. அப்புறம் உங்கள் இஷ்டம்போல் எடுங்கள்.


திண்டுக்கல் பூட்டு:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோபுரத்தின் அடியில் நிற்கிறவன் அண்ணாந்துதான் பார்க்கிறான். கழுத்து வலிக்கிற அந்த உயரம்தான் கட்டியவர்கள் மனசில் இருந்தது. கூர்வளைவு, ஒல்லித் தூண், மேலே போகப் போகக் குறுகுகிற முகப்பு, எல்லாமே பார்வையை மேலே இழுக்கத்தான் வைத்தார்கள். அதைக் கோடு பிடித்து நிமிர்த்தினால் அளவு மிஞ்சும், பக்தி போய்விடும். அதிலும் கம்ப்யூட்டரில் இழுத்து நிமிர்த்தினால் உச்சி விரிந்து, தலை கனத்துப்போன கோபுரமாகத் தெரிகிறது. நான் எங்கள் வளனார் கோயிலை அண்ணாந்தே எடுக்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது.


பழைய நெகட்டிவ்:

அண்ணாந்து எடுப்பதானால் நன்றாக அண்ணாந்து எடுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து, முழுக்க மேல்நோக்கி, கோடுகள் எல்லாம் வானத்தில் போய்ச் சேருகிற மாதிரி எடுத்தால் அது ஒரு தீர்மானம் என்று பார்க்கிறவனுக்குப் புரியும். இரண்டு, மூன்று டிகிரி மட்டும் சாய்ந்த படம்தான் கண்ணை உறுத்தும். அது தெரிந்து செய்ததா, கை தவறியதா என்றே தெரியாது.

தலை கனப்பது நீங்கள் சொல்கிற மாதிரி உண்மைதான். ரொம்ப அண்ணாந்து எடுத்ததை நூற்றுக்கு நூறு நிமிர்த்தக் கூடாது. ஒரு எண்பது, எண்பத்தைந்தோடு நிறுத்தினால் கண் ஏற்றுக்கொள்கிறது. டார்க்டேபிள் என்கிற படம் திருத்தும் மென்பொருள் இலவசம்தான், அதிலேயே இந்தத் திருத்தம் இருக்கிறது. நிமிர்த்தும்போது பக்கவாட்டு ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுக்க வேண்டும்.


ஆனைமலை நிழல்:

உள்ளே எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் பங்கு அலுவலகத்திலோ, கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளையிடமோ கேட்டுவிடுங்கள். பூசை நேரத்தில் வேண்டாம். எழுந்தேற்றத்தின்போது (அப்பத்தையும் ரசத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம்) ஷட்டர் சத்தம் கேட்டால் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவ அறிக்கை) நிற்பவர்களை எடுக்கவே கூடாது, தூரத்திலிருந்து டெலியில் கூட. பீடத்துக்கு நேரே நின்று ஃபிளாஷ் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். சுரூபத்தின் முகத்தில் பெயின்ட் பளபளப்பு மட்டும்தான் வரும்.

கண்ணாடிச் சித்திரத்துக்கு ஒரே வழி, கண்ணாடிக்கு மீட்டர் வைப்பது. ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரை வெளிச்சமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டினால் போதும். சுவர் இருண்டு போகும், போகட்டும். எடுத்த பிறகு ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தக் கோடு நன்றாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டியிருக்கும். மாதாவின் நீலப் போர்வையும் இயேசுவின் சிவப்பு அங்கியும் வெறும் வர்ணத் திட்டுகளாகி மடிப்புக் கோடு காணாமல் போவது அதனால்தான். ரா (RAW) ஃபைலாக எடுங்கள். கண்ணாடியும் வேண்டும், தூணும் வேண்டும் என்றால் டிரைபாடில் மூன்று படம், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் எடுத்து, பிறகு ஒன்றாகச் சேருங்கள். டிரைபாடுக்கு அனுமதி இல்லையென்றால் பெஞ்சின் முதுகில் பையை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, டைமரில் விடுங்கள்.

வெயில் நேரே அடிக்கிற ஜன்னலை எடுக்காதீர்கள். ஒரு துண்டு கொதிக்கும், ஒரு துண்டில் வெளி மரத்தின் நிழல் விழும். எதிர்ச்சுவர் ஜன்னலில் வெளிச்சம் சீராக இருக்கும். மேகம் மூடிய நாள் இன்னும் நல்லது. தரையில் வண்ணம் சிந்துவதை எடுக்க வேண்டுமானால் மட்டும் நேர்வெயில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது எல்லாக் கோயிலிலும் எல்இடியும் சீரியல் பல்பும்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிற மிரர்லெஸ்காரர்கள், சர்ச்சுக்குள் அதைப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தம்பி, இவ்வளவுக்கும் உங்களுக்குக் கை கொடுப்பது அந்த 35 எஃப்1.8. அதை விற்கிறேன் என்கிறீர்களே!


செல்லூர் தறி:

போன் பற்றியும் கேட்டிருந்தார். பகல் வெளிச்சத்தில், வெளியே நின்று எடுக்க, போன் தாராளம். 0.5 பொத்தானில் பெரும்பாலான போன்களில் நல்ல அகலம் கிடைக்கும், கட்டக்கோடும் இருக்கிறது, மட்டமாகப் பிடிக்கக் கேமராவை விடச் சுலபம். உள்ளே இருட்டில் அந்த 0.5 லென்ஸ்தான் முதலில் சோர்ந்துபோகும், சென்சார் சின்னது. உள்ளே போனால் மெயின் லென்ஸுக்கு மாறிவிடுங்கள். ஓரத்தில் ஆட்களை நிறுத்தாதீர்கள், இழுபட்டு அகலமாகத் தெரிவார்கள்.


திருப்புவனம் பஸ்:

எல்லாரும் லென்ஸ் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், சூரியனை விட்டுவிட்டீர்கள். நம் ஊர் அட்சரேகை 9.9 டிகிரி வடக்கு. அதனால் சித்திரை பிறக்கிற நேரத்தில் ஒரு தடவை, ஆவணி பத்துத் தேதி வாக்கில் ஒரு தடவை, உச்சிவேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் நடுப்பகலில் எந்தச் சுவரிலும் வெயில் விழாது. கோபுரத்துச் சுதைப் பொம்மைகளுக்குக் கண்குழி முழுக்கக் கறுப்பாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், வைகாசி, ஆனி, ஆடியில், மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பார்த்த முகப்பில் வெயில் விழ வேண்டும் என்றால் அந்த மாதங்கள்தான். மார்கழியில் மதியத்திலும் 59 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, தெற்கே சாய்ந்தே போகும். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தை வெளியிலிருந்து எடுக்க மார்கழி, தை போல வராது. கிழக்குக் கோபுரத்துக்குக் காலை, மேற்குக்குச் சாயங்காலம் என்பது எல்லாரும் அறிந்ததுதான்.

சமணர் மலை, ஆனைமலை, கீழவளவு பக்கம் போகிறவர்களுக்கும் இதுதான். பாறையில் செதுக்கிய உருவத்துக்கு நேர்வெயில் விழுந்தால் தட்டையாகிவிடும். சூரியன் பாறையை உரசிக்கொண்டு போகிற அரை மணி நேரத்தில் மூக்கும் உதடும் வட்டெழுத்தும் தானாக எழும்பி வரும். நான் கீழக்குயில்குடியில் ஒரே பாறையை இரண்டு வெயிலில் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுத்து இருப்பதே தெரியாது.

இடைக்காட்டூருக்கு வருபவர்கள் ராமேஸ்வரம் ரோட்டில் திருப்புவனம் தாண்டி முத்தனேந்தல் பக்கம் பிரிய வேண்டும். மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர் வாக்கில் வரும். பிரெஞ்சுக்காரரான பெர்டினான்ட் செல்லே சாமியார் 1894-ல் கட்டியது, பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனசில் வைத்து எழுப்பியதாகச் சொல்வார்கள். இந்த வறண்ட காட்டில், விதவிதமான அச்சில் செங்கல் வார்த்து, கோதிக் வேலைப்பாட்டைச் சுடுமண்ணிலேயே செய்திருக்கிறார்கள். அதைக் கல் மாதிரி நினைத்து முகப்பை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். வழியில் கீழடி அருங்காட்சியகமும் இருக்கிறது, 2023-ல் திறந்தது.

முழுநாள் கையில் இருந்தால் இன்னும் கீழே இறங்கி ஓரியூர். சேசு சபைச் சாமியார் அருளானந்தர் 1693-ல் தலை வெட்டுண்ட இடம். அங்கே மண்ணின் சிவப்பு சரியாக வர வேண்டுமென்றால் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயிலுக்கு மாற்றி வையுங்கள். ஆட்டோ அந்தச் சிவப்பைத் தின்றுவிடும்.


கோச்சடை வாய்க்கால்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: மீனாட்சி கோயிலுக்குள் இப்போது எதுவும் கொண்டுபோக முடியாது அல்லவா? கோபுரத்தை எங்கிருந்து எடுப்பது?


நத்தம் ரோடு:

கேமரா உள்ளே கிடையாது, 2018 தீ விபத்துக்குப் பிறகு போனும் கிடையாது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் மொட்டை மாடி உணவகம் வைத்த விடுதிகள் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு காபி சொல்லிவிட்டு உட்காருங்கள். அங்கே ஏறினாலே பாதிச் சாய்வு போய்விடும், கேமரா மட்டமாகவே கோபுரத்தைப் பார்க்கும். 70-300 மாதிரி நீள லென்ஸ் இருந்தால் நாலு கோபுரத்தையும் ஒன்றோடு ஒன்று நெருக்கிக் காட்டலாம். இல்லாவிட்டால் 18-55-ன் 55 முனையே போதும்.


வைகை மணல்:

35-ஐ விற்காதீர்கள் என்று நானும் சொல்ல வந்தேன். அழகர் ஆற்றில் இறங்குவது விடிகிற நேரத்தில். வெளிச்சம் மங்கல், கூட்டம் அலையாக வரும், டிரைபாடை விரிக்க இடமே இருக்காது. அந்த நேரத்தில் எஃப்1.8-க்கும் 10-20-ன் எஃப்4.5-க்கும் வித்தியாசம் ஆறு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 1600-ல் முடிய வேண்டிய வேலை 10000-க்குப் போய் நிற்கும்.

வைகை மேல் இருக்கிற ஏவி பாலத்திலிருந்து எடுத்தால் ஆறும் கூட்டமும் முழுசாக வரும். 1889-ல் கட்டிய பாலம், அதுவே எடுக்க வேண்டிய கட்டடம்தான். ஆனால் என் ஆசை கீழே மணலில், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில். தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி, குழாய் முனையை மேலே தூக்கி அமுக்கும்போது தண்ணீர் நூல் பிடித்த மாதிரி எழும்பி வெயிலில் உடைகிறது பாருங்கள், அதற்கு 1/1000 வேண்டும். எதிர்வெயிலில் நின்று எடுத்தால் துளி ஒவ்வொன்றும் தெரியும். கேமராவுக்குக் கனமான பிளாஸ்டிக் பை, லென்ஸ் முனைக்கு மட்டும் ஓட்டை, ரப்பர் பேண்டு. அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மணல் தூசி சென்சாரில் ஒட்டினால், அப்புறம் எஃப்16-ல் எடுக்கிற ஒவ்வொரு வானத்திலும் புள்ளி வரும்.


செல்லூர் தறி:

பிலிமில் யாராவது எடுக்கிறீர்களா? வீட்டில் பரணில் அக்ஃபா கிளிக் 3 கிடைத்திருக்கிறது. ஷட்டர் வேலை செய்கிறது.


பழைய நெகட்டிவ்:

அருமையான பெட்டி. 120 ரோலில் 6-க்கு 6 அளவில் 12 படம். லென்ஸ் எளிமையானது, நடுவில் கூர்மை, ஓரத்தில் கரையும். அதனால் கட்டடத்தின் நடுவாசலை நடுவில் வைத்து எடுங்கள். நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள், சர்ச்சுக்குள் அது ஆகாது.

உள்ளே பிலிமில் எடுக்க வேண்டுமானால் பி (அமுக்கி வைத்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்த வேறு கேமராவும் டிரைபாடும் வேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 பிலிம் போட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு நொடிக்கு மேல் போனால் பிலிம் சோம்பிவிடும். மீட்டர் 10 நொடி காட்டினால் 20 நொடி கொடுக்க வேண்டும். ஐந்து நொடி காட்டினால் எட்டு. கழுவிய நெகட்டிவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள், பட்டர் பேப்பர் உறை போதும். மழைக்காலத்தில் பக்கத்தில் சிலிக்கா ஜெல் வையுங்கள்.


கோச்சடை வாய்க்கால்:

போன வாரம் இடைக்காட்டூர் போய்விட்டு வந்தேன். 35-ஐ விற்கவில்லை.

நத்தம் ரோடு அண்ணன் சொன்ன மாதிரி 18-ல் நெடுக்காக, மட்டமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். உச்சி உள்ளே வந்தது. கீழ்ப்பாதியை வெட்டிய பிறகு முகப்பு ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கிறது. பழைய நெகட்டிவ் ஐயா கேட்ட அந்த ஒரு படம் ஆயிற்று. அப்புறம் படியில் உட்கார்ந்து திண்டுக்கல் அண்ணனுக்காக அண்ணாந்தும் எடுத்தேன். எனக்கு இரண்டும் வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் முக்கால்வாசி நேரம் போனது 35-ல்தான். வாசல் வளைவைச் சுற்றி வார்த்த செங்கல்களை எஃப்8-ல், பக்கவாட்டு வெயிலில், ஒவ்வொரு சாணாக எடுத்தேன். தூரத்திலிருந்து ஒரே கோடாகத் தெரிவது கிட்டே போனால் தனித்தனிச் செங்கல், ஒவ்வொன்றுக்கும் தன் வளைவு. ஒன்றின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, அடுத்தது இன்றைக்கு அச்சிலிருந்து எடுத்த மாதிரி கூராக நிற்கிறது. இணைப்பில் விரல் வைத்துப் பார்த்தேன், நகம் நுழையாது.

உள்ளே கோயில்பிள்ளை ஐயாவிடம் கேட்டேன். "பீடத்து மேல ஏறாதீங்க, மத்தபடி எடுங்க தம்பி" என்றார். ஷட்டர் 1/50, எஃப்2.8, ஐஎஸ்ஓ 800. பட்டை விழவில்லை. கண்ணாடிக்குத் தனியாக மீட்டர் வைத்தேன், மடிப்புக் கோடு தெரிகிறது. ஒரு அம்மா மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார், அவரிடமும் கேட்டேன். முகம் வேண்டாம், கையை எடுத்துக்கொள் என்றார். கையை எடுத்தேன்.

மிச்சம் கீழவெளி வீதிதான். அங்கே 59 மீட்டர் தடையில்லாமல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆக 10-20 பழையது ஒன்று தேடலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?


ஆனைமலை நிழல்:

அந்தக் கை படத்தை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்டும் போட்டுக் கொடுங்கள்.


நத்தம் ரோடு:

உங்கள் கேமரா பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதை முதலில் மனசில் வையுங்கள். நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 நேராகப் பொருந்தும், ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யும், எடையும் குறைவு. டோக்கினா 11-16 எஃப்2.8 மலிவாகக் கிடைத்தால் இரண்டாம் பதிப்பா என்று கேளுங்கள். முதல் பதிப்பில் மோட்டார் இல்லை, உங்கள் கேமராவில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கட்டடத்துக்கு அதுவும் குற்றமில்லை, கட்டடம் எங்கேயும் ஓடாது. 10 எம்எம்-ல் எஃப்8 வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் அரை மீட்டரிலிருந்து வானம்வரை கூர்மைதான்.

வாங்குமுன் பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசி நாலு துகள் இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக வெள்ளைக் கோடு தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். கொடைக்கானல் பக்கம் ரொம்ப நாள் கிடந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

அதுவரை என் 10-20 சும்மாதான் கிடக்கிறது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்துக்கு மரியன்னை கோயில் கேட்டுக்கு வந்துவிடுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.


திண்டுக்கல் பூட்டு:

நானும் வருகிறேன். அண்ணாந்துதான் எடுப்பேன்.